குளத்துக்குத் தண்ணி காட்டுவது எப்படி?

குடியிருப்போர் சங்கத்துத் தம்பிமாரே, வேளச்சேரிப் பூங்காவில கிடக்கிற அந்தப் பள்ளத்தைக் குளமாக்கப் போறீங்கன்னு மக போன்ல படம் காட்டுச்சு. கண்கொள்ளாக் காட்சிதான்! சுத்தி டைல்ஸ் போட்ட நடைபாதை, நடுவில நீரூற்று, ராத்திரிக்கு நீல லைட்டு, படமெடுத்துக்க ஒரு வளைவு. தண்ணி எந்த வழியா உள்ள வரும்கிறது மட்டும் படத்தில இல்ல. அதுவும் நல்லதுக்குத்தான். தண்ணி வந்தா டைல்ஸ் பாசி பிடிச்சிரும்.

நான் சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்க்கரை ஆளு. அங்க முதல்ல வரத்துக்கால், அப்புறம் கரை, மடை, கழுங்கு. அலங்காரம்னு பார்த்தா கரையில ஒரு அய்யனாரு, அவருக்கும் ராத்திரிக் காவல் வேலை உண்டு. உங்க பட்டணத்து அனுபவம் பெருசு. மாம்பலத்து ஏரியை 1920கள்ல தூர்த்துத் தி.நகரை எழுப்பின ஊராச்சே. மேற்கு மாம்பலத்தில லேக் வியூ ரோடுன்னு இன்னும் போர்டு தொங்குது. நல்ல ரோடுதான், ஏரியைத்தான் காணோம். ஆனா மழை பழசை மறக்கிற சாதி இல்ல, பள்ளம் எங்க இருந்துச்சோ அங்கதான் வந்து நிக்கும்.

சரி, யோசனைக்கு வருவோம். நடைபாதையை ரோட்டை விட ஒரு முழம் உசத்தியே போடுங்க. தெருத்தண்ணி பூங்காவை எட்டிப் பார்த்துட்டு, மரியாதையா உங்க கார் நிக்கிற இடத்துக்கு வந்துரும். எம்புட்டு வரும்னு கேட்டா கணக்கு சுலபம். ஒரு கிரவுண்டு இடத்தில 10 சென்டிமீட்டர் மழை விழுந்தா 22,000 லிட்டருக்கு மேல. கோடையில நீங்க காசு குடுத்து வாங்குற 12,000 லிட்டர் லாரியில கிட்டத்தட்ட ரெண்டு லோடு. 2015 டிசம்பர்ல தாம்பரத்தில ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் பெய்ஞ்சப்ப, எத்தனை லோடு வாசல்ல இறங்குச்சுன்னு நீங்களே பெருக்கிக்கங்க.

அடியில காங்கிரீட் போடணும்னு ஒருத்தர் சொன்னாராம். போடுங்க, மண்ணுக்குள்ள இறங்குற தண்ணியால யாருக்கு என்ன லாபம், உங்க போர்வெல்லைத் தவிர? பக்கச்சுவரும் செங்குத்தா இருக்கட்டும். உள்ள விழுந்த தவளையும் ஏற முடியாது, சின்னப்புள்ளையும் ஏற முடியாது. எங்க ஆளுக முட்டாளுக, மண்கரையைச் சரிவா விட்டுக் கோரையும் வெட்டிவேரும் மண்ணைப் பிடிச்சுக்கட்டும்னு இருந்துட்டானுக.

கொசு வரும்னு ரெண்டாம் மாடி அம்மா பயப்படுறாங்க. அது நியாயமான பயம், தேங்கின தண்ணியில முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆனா டெங்குக் கொசுவுக்கு மீனும் தட்டானும் இருக்கிற குளம் பிடிக்காது தாயி, அதுக்குப் பிடிச்சது உங்க பால்கனிப் பூந்தொட்டித் தட்டு. குளத்தில சாக்கடை கலந்தா கதை வேற. மீன் செத்துப்போகும், அப்புறம் அழுக்குத்தண்ணிக் கொசுவுக்குக் கொண்டாட்டம். யார் வீட்டுச் சாக்கடைக் குழாய் மழைநீர் வடிகால்ல சேருதுன்னு கண்டுபிடிக்க மிஷினெல்லாம் வேணாம். சித்திரை வெயில்ல மூடியைத் தூக்கிப் பாருங்க. அன்னைக்கும் தண்ணி ஓடுச்சுன்னா, அது வருணபகவான் அனுப்பினது இல்ல. ஓட்டம் எங்கிருந்து வருதுன்னு பின்னாலயே நடங்க. தலைவர் வீட்டு வாசல்ல போய் முடிஞ்சா என்னைய இழுக்காதீங்க.

தண்ணி நுழையிற வாயில ஒரு வண்டல்குழியும் கம்பிச் சல்லடையும் வச்சா, மண்ணும் பிளாஸ்டிக்கும் அங்கயே தங்கிப்போகும். புரட்டாசிக்குள்ள ரெண்டு ஆள் அள்ளிப் போட்டுரலாம். ஆனா அதில காண்ட்ராக்டருக்கு என்ன கிடைக்கும், பாவம்? குளம் மொத்தமும் தூர்ந்தாத்தானே அவரு புள்ள படிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கடைசித் தீர்மானம்தான். குளம் எப்பவும் தளும்பி நிக்கணும், இல்லைன்னா லாரித்தண்ணி விட்டு நிரப்பணும்! ஏப்பா, மழைத்தண்ணிக்கு வெட்டின குளத்தை மழைக்கு முன்னாடியே நிரப்பி வச்சா, வர்ற மழை எங்க உக்காரும்? ஐப்பசி பிறக்கையில பாதிக்கு மேல காலியாத்தான் கிடக்கணும். சேறும் சகதியுமா அசிங்கமாத்தான் தெரியும். அந்தக் காலி இடத்துக்குத்தான் நீங்க வசூல் பண்றீங்க. நிறைஞ்ச பிறகும் மிச்சத்தண்ணி பள்ளிக்கரணை சதுப்புக்குப் போற வடிகால்ல சேர ஒரு கழுங்கு வேணும், அதை நடைபாதை மேல போற மாதிரி வச்சுராதீங்க. கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024ல அரசாங்கம் எடுத்துக்கிட்டு அங்க குளம் வெட்டுச்சு, வேளச்சேரிக்கு வர்ற வெள்ளத்தை மேலயே மறிக்க. குதிரை மேல பந்தயம் கட்டின இடத்தில இப்ப மழை மேல கட்டுறாங்க. அங்க நீல லைட்டு இருக்கான்னு போய்ப் பார்த்துட்டு வாங்க.

திறப்பு விழாவை மாசியில வைக்கிறதாக் கேள்வி. வெயில் தாழ்ந்த நேரம், நாற்காலி நனையாது, சரிதான். எனக்கென்னவோ கார்த்திகையில வைக்கலாம்னு படுது, நல்லா ஊத்துற நாளாப் பார்த்து. கவுன்சிலரை மேடையில ஏத்த வேணாம், வரத்துக்கால் ஓரமா நிறுத்துங்க. கையில கத்திரிக்கோலுக்குப் பதிலா ஒரு கம்பைக் குடுங்க. சல்லடையில சிக்கின முதல் பையை அவரே எடுத்துப் போடட்டும். கைதட்ட நான் வர்றேன், குடை மட்டும் நீங்க கொண்டாங்க.