கெம்போங்குக்கு வந்த வாழ்வு

1970களில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டின் வருமானம் தெரிய வேண்டுமானால் குழம்புச் சட்டியைத் திறந்தால் போதும். மாதம் முழுக்கக் கெம்போங் மீன். சம்பளத்தன்று வாவல். தெங்கிரியெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம். சைக்கிள் மீன்காரர் வந்ததும் அம்மா செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பு வெளிறியிருந்தால், "ஈக்கான் செமாலாம்லா, தௌக்கே!" என்று நேற்றைய மீனைத் தெருவுக்கே அறிவித்துவிடுவார். விலை பாதியாகும்.

பிறகு நாடு முன்னேறியது. 1970இல் தலைக்குச் சுமார் 350 அமெரிக்க டாலராக இருந்த ஆண்டு வருமானம் 11,000ஐத் தாண்டியது. நாக்குக்கும் பதவி உயர்வு கிடைத்தது. உலகில் ஓர் ஆள் ஆண்டுக்குச் சராசரியாக 20 கிலோ மீன் தின்றால், மலேசியர் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் தின்கிறார். பேரனுக்கு பங்சாரில் நார்வே சால்மன். கிள்ளான் நண்பர் வீட்டு விருந்துக்கு பூலாவ் கெத்தாம் கூண்டில் வளர்ந்த சியாக்காப்.

கூண்டு மீனும் சும்மா வளர்வதில்லை. இழுவை வலை கடலடியை வழித்து வரும்போது குஞ்சும் பொடியும் சேர்ந்தே சிக்கும். 'ஈக்கான் பாஜா' என்று கூடை கூடையாகத் தீனிக்குப் போவது அதுதான். சால்மன் தீனியிலும் பெரு நாட்டு நெத்திலி மாவு கலக்கிறது. நாளை ஏழைச் சட்டிக்கு வரவேண்டிய மீன், இன்றே விருந்து மீனின் வயிற்றுக்குள் போய்விடுகிறது.

கரையை ஒட்டி இழுவைப் படகு வரக்கூடாது என்ற விதி 1980களிலிருந்தே இருக்கிறது. விதிக்கு வயதாகிவிட்டது, மீனுக்குத்தான் வயதாக விடுவதில்லை. உலகக் கணக்கும் இதே கதைதான். அளவுமீறிப் பிடிக்கப்படும் மீன்வளங்கள் 1974இல் 10 சதவீதம், 2021இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் என்கிறது ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம்.

கெம்போங்குக்கும் ஒரு வழியாக மரியாதை வந்துவிட்டது. கிலோ 15 வெள்ளியைத் தொடும் நாட்களில் அதை வாங்கவும் யோசிக்க வேண்டியிருக்கிறது. வசதி வந்தவர்கள் அதைத் துறந்தோம். வசதி வராதவர்களுக்கு அது எட்டவில்லை. அடுத்த விருந்துக்குக் கூண்டு மீன் சொல்லும்போது, அது எதைத் தின்று வளர்ந்தது என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.