தூக்க விசாரணை

(மேல்விஷாரம். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு டீக்கடை. நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம். சுபுஹு பாங்குக்கு இன்னும் கால் மணி இருக்கிறது. பாய் பாலை அடுப்பில் ஏற்றுகிறார். தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டி ஓய்ந்தவர். தம்பி ஹக்கீம் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்தபடி அமெரிக்கர்களின் பில் தகராறுகளைத் தீர்த்துவைக்கிறவர். பாய்க்கு இது காலை. தம்பிக்கு இது ராத்திரி. தம்பி கூலிங் கிளாஸ் போட்டிருக்கிறார்.)

பாய்: வாங்க துரை. கண்ணு வலியா?

தம்பி: இல்ல பாய். விடியப்போகுது இல்ல, அதான்.

பாய்: விடியறதுக்கு எவனாச்சும் கூலிங் கிளாஸ் போடுவானா?

தம்பி: அது விஞ்ஞானம். அப்புறம் சொல்றேன். ஒரு டீ போடுங்க, ஸ்ட்ராங்கா.

பாய்: எழுந்து வர்றியா, படுக்கப் போறியா?

தம்பி: படுக்கப் போறேன்.

பாய்: படுக்கப் போறவனுக்கு டீயா? இன்னாடா படிப்பு படிச்ச நீ?

தம்பி: அதைத்தான் படிச்சேன். டீயில இருக்கிற காஃபின் பாதி கரையவே அஞ்சு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும். இப்ப குடிச்சா பத்து மணிக்கும் பாதி உடம்புல நிக்கும்.

பாய்: தெரிஞ்சே குடிக்கிற.

தம்பி: தெரிஞ்சே விக்கிறீங்க இல்ல?

பாய்: (டீயை ஆற்றாமல் கீழே வைத்துவிட்டு) சரி, வேணாம். சூடா பால் குடி. அதுக்கும் அதே காசுதான்.

தம்பி: பாய், ஒரு ஆபத்து. திங்கக்கிழமையிலேருந்து என்னை ஆஸ்திரேலியாவுக்கு மாத்திட்டாங்க.

பாய்: மாஷா அல்லாஹ்! விசா வந்துடுச்சா?

தம்பி: நான் எங்கயும் போகல. இதே ரூம், இதே நாற்காலி. போன் பண்றவங்கதான் மாறுறாங்க. காலையில ஆறரைக்கு லாகின். இப்ப நான் அஞ்சரைக்குப் படுத்து மத்தியானம் ஒண்ணரைக்கு எழுந்திருக்கிறேன். நாலு நாளுக்குள்ள இதைத் தலைகீழாக்கணும்.

பாய்: இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு வந்த? ராத்திரி ஒம்பதுக்குப் படு, நாலரைக்கு எழு. நான் எழுந்திருக்கலையா? அலாரம் கெடையாது, ஒண்ணும் கெடையாது.

தம்பி: எங்கிட்ட ஆறு அலாரம் இருக்கு. ஒண்ணு கணக்கு கேக்கும். பதினேழை எட்டால பெருக்கி விடையைப் போட்டாத்தான் வாயை மூடும்.

பாய்: போட்டுட்டு?

தம்பி: போட்டுட்டுத் தூங்கிடுவேன். இப்பல்லாம் தூக்கத்துலயே பெருக்குறேன்.

பாய்: மனசுல உறுதி இல்ல தம்பி, அவ்வளவுதான். இந்தக் காலத்துப் பசங்க...

தம்பி: கொஞ்சம் நில்லுங்க. நீங்க டிரம் ஓட்டுன காலத்துல, என் வயசுல, யாரு உங்களை எழுப்பினது?

பாய்: (பாலைக் கிளறுகிறார்) எங்கம்மா. தண்ணி தெளிச்சு.

தம்பி: அப்ப உறுதி அம்மாவோடது. வயசாக ஆக உடம்புக் கடிகாரம் தானா முன்னாடி நகரும். இருபது வயசை ஒட்டித்தான் அது ரொம்பப் பின்னாடி கிடக்கும். உங்களுக்கு நாலு மணிக்கு முழிப்பு வருதுன்னா அது ஒழுக்கம் இல்ல பாய், வயசு.

பாய்: நாப்பது வருசமா சேத்து வெச்ச பேரை ஒரு நிமிசத்துல கெடுத்துட்டியே! சரி, பாங்கு சொல்லப் போறாங்க. நான் தொழுதுட்டு வர்றேன். பாலைப் பாத்துக்க.

(பாங்கு ஒலிக்கிறது. தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று சுபுஹுக்கு மட்டும் கூடுதலாக வரும் அழைப்பும் கேட்கிறது. மற்ற நாலு வேளைக்கும் அது தேவைப்படவில்லை என்பதிலிருந்தே இந்தப் பிரச்சினை தம்பி காலத்தில் தொடங்கியது அல்ல என்று தெரிகிறது. பாய் திரும்பி வரும்போது பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. தம்பி பெஞ்சில் கூலிங் கிளாஸோடு உட்கார்ந்தபடியே குறட்டை விடுகிறார்.)

பாய்: டேய்! அரை லிட்டர் பால் போச்சு!

தம்பி: (திடுக்கிட்டு, அமெரிக்காக்காரனுக்குச் சொல்வது போல) உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் புகார் எண்...

பாய்: எண்ணா? உன் கணக்குல எழுதுறேன். மூஞ்சியைக் கழுவு.

தம்பி: ரெண்டு நிமிசம் பாய். எழுந்தவுடனே மூளை முழுசா எழாது. கால் மணி, அரை மணி அந்த மந்தம் இருக்கும். எல்லாருக்கும் உள்ளதுதான்.

பாய்: அந்த அரை மணியிலதானே நீ, இன்னைக்கு உடம்பு சரியில்ல, தூங்கினாத்தான் சரியாகும்னு முடிவு பண்ற? எழுந்தவுடனே எந்த முடிவும் எடுக்காத. ஒளு செய். பச்சைத் தண்ணி காதுக்குப் பின்னாடி படட்டும், அப்புறம் யோசி. இதுக்கு உன் விஞ்ஞானம் இன்னா சொல்லுது?

தம்பி: தப்புன்னு சொல்லல.

பாய்: இந்தக் கோளாறு எப்ப ஆரம்பிச்சுது?

தம்பி: நோன்புல மொத்தமாப் போச்சு. தராவீஹ், அப்புறம் கடைத்தெரு, அப்புறம் ஸஹர். ஊரே அப்படித்தானே இருந்துச்சு? பெருநாள் முடிஞ்சதும் ஊரு திரும்பிடுச்சு, நான் திரும்பல. அதுலயும் நோன்பு நடுவுல அமெரிக்காக்காரன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிட்டான். எங்க ஷிப்டும் நகந்துபோச்சு. வருசா வருசம் மார்ச்சுல தள்ளுவான், நவம்பர்ல இழுப்பான்.

பாய்: அவன் ஊர்ல முள்ளைத் திருப்பினா மேல்விஷாரத்துல தூக்கம் போகுதா? நம்ம சூரியன் பாரு, வருசம் பூரா அஞ்சே முக்காலுக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவுல வந்துடுறான். அவனுக்கு மேனேஜர் கெடையாது.

தம்பி: ஆஸ்திரேலியாவும் ஏப்ரல்ல மாத்தும் பாய். பின்னாடி.

பாய்: ஒருத்தன் முன்னாடி, ஒருத்தன் பின்னாடி. நடுவுல நீ. சரி, கண்ணாடியைக் கழட்டு. சூரியனைப் பாத்தா எல்லாம் சரியாயிடும்னு டாக்டருங்களே சொல்றாங்க.

தம்பி: அங்கதான் விஷயமே. காலை வெயில் நல்லதுதான், தூங்கி எழுந்தவனுக்கு. ராத்திரி பூரா முழிச்சவன் உடம்புக்கு ஆறு மணின்னா நடு ராத்திரி. அந்த நேரத்துல வெளிச்சம் பட்டா, ‘ஓ, இன்னும் பொழுது போகல போல’ன்னு கடிகாரம் மேலும் பின்னாடி போகும். அதனால இப்ப மறைக்கணும். எழுந்தவுடனே வெளியில நிக்கணும். வீட்டு லைட்டு சில நூறு லக்ஸ்தான். வெளியில மேகம் போட்டிருந்தாலே ஆயிரக்கணக்குல இருக்கும்.

பாய்: எழுந்தவுடனே வெளியில நிக்கிறியா?

தம்பி: இல்ல. போன் பாப்பேன்.

பாய்: உன்னைப் படிக்க வெச்ச காசுக்கு ரெண்டு மாடு வாங்கியிருக்கலாம்.

தம்பி: மதுரைப் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன்னு ஒருத்தர் இருந்தார் பாய். இந்த உடம்புக் கடிகார ஆராய்ச்சியில நம்ம நாட்டுக்கே முன்னோடி. ஆளுங்களைத் தனியா வெச்சுப் பாக்க ஒரு அறை கட்டினாங்க. கடிகாரம் கெடையாது, சூரியன் தெரியாது, பேப்பர் கெடையாது. தூக்கம் வந்தாத் தூங்கலாம், பசிச்சாச் சாப்பிடலாம். உள்ள போனவங்களோட ஒரு நாளு 24 மணி நேரத்தைத் தாண்டி நீண்டுபோச்சு. அதனாலதான் லேட்டாப் படுக்கிறது சுலபம், சீக்கிரம் படுக்கிறது கஷ்டம்.

பாய்: ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, பகல் இல்ல, ராத்திரி இல்ல, சோறு கதவுகிட்ட வரும். இது உன் ரூம் இல்ல? மதுரைக்காரங்க ஆராய்ச்சிக்குக் கட்டினதை நீ ஈஎம்ஐ போட்டு ஏசி வெச்சுக் கட்டியிருக்க.

தம்பி: அதே ஆளுங்க வௌவாலையும் பாத்தாங்க. குகைக்குள்ள, வெளிச்சமே எட்டாத இடத்துல சில வௌவாலை அடைச்சு வெச்சாங்க. கூட இருக்கிற கூட்டம் அந்தியில கிளம்பிப்போய் விடியல்ல திரும்பும். அந்தச் சந்தடியை வெச்சே அடைபட்டதுங்களும் நேரம் தப்பாம இருந்துச்சுங்க. கூட்டம் இல்லாத எடத்துல வெச்சா கணக்கு தவறிடுச்சு. 1978ல எழுதியிருக்காங்க.

பாய்: (ரொம்ப நேரம் யோசித்து) வௌவாலுக்கு இருக்கிற அறிவு. இங்க பாங்கு கேக்குது, பால்காரன் மணி அடிக்கிறான், கம்பெனி பஸ் ஹாரன் அடிக்குது. நீ காதுல பஞ்சு மாதிரி ஒண்ணு வெச்சிருக்க.

தம்பி: சத்தம் கேக்காம இருக்க. இயர்பட்ஸ்.

பாய்: ஊரு இலவசமா எழுப்புது. அதை அடைச்சுட்டு, எழுப்புறதுக்குக் காசு கட்டி ஒரு ஆப்பு வாங்கியிருக்க.

(ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. டிபன் கேரியர்களோடு நாலைந்து பெண்கள் ஏறுகிறார்கள். உள்ளே ஏற்கெனவே இருப்பவர்களில் பாதிப் பேர் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குகிறார்கள். ஒருத்தியின் நெற்றியில் கம்பியின் தடம் பதிந்திருக்கிறது.)

தம்பி: இவங்க எத்தனை மணிக்கு எழுந்திருப்பாங்க?

பாய்: சோறு ஆக்கி, புள்ளைக்குக் கட்டி வெச்சுட்டு வரணும்னா நாலு மணி. ராத்திரி படுக்கப் பத்து, பதினொண்ணு. இவங்களுக்கு எவனும் ஆப்பு விக்கல.

தம்பி: வித்தாலும் பெருக்கிட்டு இருக்க நேரம் ஏது?

(பஸ் போகிறது. இந்தப் பேச்சு இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை. பாய் கிளாஸ் கழுவுகிறார்.)

தம்பி: ஒரு யோசனை. இன்னைக்குத் தூங்காம இப்படியே ராத்திரி வரைக்கும் இழுத்துட்டா? ஒரே நாள்ல சரியாயிடாது?

பாய்: டிரம் ஓட்டுனவன்கிட்ட இதைக் கேக்கக் கூடாது. குரோம் போட்டு ஓட்டினப்புறம் சோடா விடணும். தண்ணியில கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா, தவணை தவணையா. அவசரப்பட்டு மொத்தமா ஊத்தினா மேல்தோல்லயே பிடிச்சுக்கும், உள்ள ஏறாது. பாக்கத் தோல் ஆன மாதிரி இருக்கும். ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணியில போடு, சுருண்டுடும். நீ இன்னைக்கு முழிச்சு ராத்திரி பொணமாத் தூங்குவ. நாளன்னைக்கு ரெண்டு மணிக்குக் கொட்டக் கொட்ட முழிச்சிருப்ப.

தம்பி: அப்ப நாளைக்கு ஒரு மணி நேரம்னு நகத்தணும். படுக்கிறது எப்பவோ இருக்கட்டும், எழுந்திருக்கிறதைப் பிடிச்சுக்கணும்.

பாய்: இன்னைக்குப் பன்னிரண்டரைக்கு எழுந்து நேரா இங்க வா. நாளைக்குப் பதினொண்ணரை. வரலைன்னா உன் வீட்டு வாசல்ல வந்து கத்துவேன்.

தம்பி: அப்படிப் பாத்தா திங்கக்கிழமைக்குள்ள ஆகாதே. ஒரு வாரத்துக்கு மேல ஆகும்.

பாய்: ஆகாதுதான்.

தம்பி: கம்பெனி நாலு நாள்தான் கொடுத்திருக்கு.

பாய்: தோலுக்குக் கம்பெனி தெரியாதுடா. எங்க மேஸ்திரியும் சாயந்திரத்துக்குள்ள லாட் வேணும்னு கத்துவார். கத்தட்டும்னு விட்டுட்டு டிரம் அது பாட்டுக்குச் சுத்தும். திங்கக்கிழமை நீ பாதித் தூக்கத்துலதான் போவ. ஆஸ்திரேலியாக்காரன் பில்லுல ஒண்ணு ரெண்டு தப்பு வரும். தாங்கிப்பான்.

தம்பி: பகல்ல கண்ணு சொருகினா?

பாய்: லுஹருக்கு அப்புறம் கைலூலா இருக்கு, சுன்னத்து. இருபது நிமிசம்.

தம்பி: நீங்க கைலூலா இருபது நிமிசமா தூங்குறீங்க? போன வாரம் சாயந்திரம் வந்தேன், ஷட்டர் பாதி இறங்கியிருந்துச்சு. உள்ள குறட்டை.

பாய்: (குரலைத் தாழ்த்தி) அது வந்து... தம்பி, அந்தக் கணக்கு கேக்கிற அலாரம் இருக்கு இல்ல, அதை என் போன்ல போட முடியுமா?

தம்பி: எத்தனை மணிக்கு?

பாய்: சாயந்திரம் நாலுக்கு. ரெண்டு நாளா அஸர் ஜமாஅத் தப்பிடுது.

தம்பி: கணக்கு போடணும் பாய். பதினேழு எட்டு.

பாய்: சின்னக் கணக்கா வெச்சுக் குடு. டீ, வடை கணக்கு மாதிரி.