பொருள்: பெட்ரோல் ரசீதில் வரியைக் காணோம்

அனுப்புநர்:
லிட்டருக்கு அறுபது கிலோமீட்டர் ஓடும் என்ற விளம்பரத்தை நம்பி வண்டி வாங்கிய ஒருவன்,
கடப்பாக்கம், இடைக்கழிநாடு பேரூராட்சி,
செய்யூர் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
எரிபொருள் விலைக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்
(அப்படியொரு பதவி இல்லாத பட்சத்தில், செயலர் அவர்கள்),
பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு அமைச்சகம், புது தில்லி.

பார்வை: கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள பங்க்கின் விலைப் பலகை.

ஐயா,

இந்த மனுவை யாருக்கு எழுதுவது என்பதே பெரும்பாடாகிவிட்டது. விலை ஏன் ஏறியது என்று பங்க் பையனைக் கேட்டால் கம்பெனியைக் காட்டுகிறான். கம்பெனி சர்வதேசச் சந்தையைக் காட்டுகிறது. தாங்களும் சந்தையைத்தான் காட்டுகிறீர்கள். நிதி அமைச்சகம் 2021இல், பழைய ஆட்சி வைத்துவிட்டுப் போன எண்ணெய்ப் பத்திரக் கடனைக் காட்டியது. மாநில அரசு தில்லியைக் காட்டுகிறது, தில்லி மாநில அரசைக் காட்டுகிறது. எல்லார் விரலும் நீண்டிருப்பதால் பர்ஸைத் திறக்கக் கை மிச்சமிருப்பது எனக்கு மட்டும்தான்.

2010 ஜூனில் பெட்ரோல் விலையும் 2014 அக்டோபரில் டீசல் விலையும் அரசின் பிடியிலிருந்து விடுதலையாயின என்று படித்தேன். 2017 மே முதல் தேதி ஐந்து ஊர்களில் தினசரி விலைமாற்றம் வெள்ளோட்டம் விடப்பட்டது. அதில் எங்கள் அண்டை வீடான புதுச்சேரியும் ஒன்று. ஜூன் 16 முதல் நாடு முழுக்க வந்துவிட்டது. இனி விலைக்கும் அரசுக்கும் சம்பந்தமில்லை, உலகச் சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்றார்கள்.

அந்தச் சந்தையின் ஒழுக்கத்தைப் பாராட்டாமல் மேலே போக மனம் வரவில்லை. 2018இல் கர்நாடகத் தேர்தல் நெருங்கியதும் ஏப்ரல் 24இலிருந்து அசையாமல் நின்றது. மே 12 வாக்குப்பதிவு. 14ஆம் தேதி காலையில் அசைந்தது. 2021இல் நாங்கள் செய்யூர் தொகுதியில் வரிசையில் நின்று வாக்களித்த பருவத்தில், பிப்ரவரி 27க்குப் பிறகு விலை ஒரு காசு ஏறவில்லை. மே 2 வாக்கு எண்ணிக்கை, மே 4 ஏற்றம். அந்த ஆண்டு நவம்பர் 4 முதல் அடுத்த மார்ச் 21 வரை, உக்ரைனில் போர் மூண்டு கச்சா எண்ணெய் பீப்பாய் நூறு டாலரைத் தாண்டிய பிறகும், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை பொறுமை காத்தது. பிறகு ஏப்ரல் 6க்குள் பதினான்கு தடவை ஏறி, லிட்டருக்குப் பத்து ரூபாயைக் கூட்டிவிட்டுத்தான் மூச்சு வாங்கியது. 2024 மார்ச் 15இல் லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைந்தது. மறுநாள் நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவிப்பு. வேட்பாளர்கள் எல்லாரும் சேர்ந்து காட்டாத மரியாதையைத் தேர்தல் நடத்தை விதிகளுக்குச் சந்தை ஒன்றே காட்டியிருக்கிறது. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் எண்ணெய் வியாபாரிகளுக்கு எங்கள் வாக்குச்சாவடியின் நேரங்காலம் எப்படித் தெரிகிறது என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

ஏறும்போது சந்தை. இறங்கும்போது? 2014 மேயில் பெட்ரோல் மீதான கலால் வரி லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசு, டீசலுக்கு 3 ரூபாய் 56 காசு. அந்த ஆண்டின் பிற்பாதியில் கச்சா எண்ணெய் சரியத் தொடங்கியது. 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையே கலால் வரி ஒன்பது முறை உயர்ந்தது. அதாவது சந்தை கீழே இறங்கிய படிகளில் வரி மேலே ஏறியது. பாதி வழியில் இரண்டும் சந்தித்துக்கொண்டு ஒன்றையொன்று நலம் விசாரித்திருக்கும்; நாங்கள் மாடியிலேயே நின்றோம்.

2020 ஏப்ரல் 20ஐ நான் மறக்க மாட்டேன். அமெரிக்கக் கச்சா எண்ணெயின் விலை சைபருக்கும் கீழே போய், பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலர் சொச்சம் ஆனது. எடுத்துக்கொண்டு போனால் போதும், கையில் காசும் தருகிறோம் என்ற நிலைமை. அது அமெரிக்க ஒப்பந்தச் சந்தையின் கூத்து, நம் கொள்முதலுக்கு நேரடியாகப் பொருந்தாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். ஆனால் நாம் வாங்கும் எண்ணெயும் அப்போது பீப்பாய் இருபது டாலர் பக்கம்தான் இருந்தது. ஊரடங்கில் வண்டியை மூடிவைத்துக் காத்திருந்தோம். மே மாதத் தொடக்கத்தில் மாநில அரசு மதிப்புக் கூட்டு வரியைத் திருத்தியதில் பெட்ரோல் 3 ரூபாய் 25 காசும் டீசல் 2 ரூபாய் 50 காசும் ஏறின. ஓரிரு நாளில் ஒன்றிய அரசு பெட்ரோலுக்குப் பத்து ரூபாயும் டீசலுக்குப் பதின்மூன்று ரூபாயும் கலால் வரி கூட்டியது. பெட்ரோலுக்குக் கலால் மட்டும் லிட்டருக்கு 32 ரூபாய் 98 காசு ஆனது. கொரோனாவுக்குத் தனிமனித இடைவெளி விட்ட காலத்தில், விலை இறக்கத்துக்கும் எங்களுக்கும் அதே இடைவெளி கடைப்பிடிக்கப்பட்டது. இரு அரசுகளும் ஒற்றுமையாக நடந்துகொண்ட அரிய தருணம் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

நியாயமும் சொல்ல வேண்டும். நூறு லிட்டர் கச்சா எண்ணெயில் எண்பத்தைந்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது, டாலரில் வாங்குகிறோம். 2014 மேயில் அறுபது ரூபாய்க்குள் இருந்த டாலர் 2024 டிசம்பரில் எண்பத்தைந்தைத் தாண்டியது. இதெல்லாம் தங்கள் கையில் இல்லை என்று வாதத்துக்கு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மணலி தங்கள் கையில் இருக்கிறது. 1969 முதல் அங்கே சுத்திகரிப்பு ஆலை ஓடுகிறது. கச்சா எண்ணெய் கப்பலில் வருகிறது, சரி. அதைக் காய்ச்சி எடுத்த பெட்ரோல் எங்கள் ஊருக்கு டேங்கர் லாரியில் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான் வர வேண்டும். 2006 முதல் தாங்கள் பின்பற்றும் சூத்திரமோ வேறு. ஆலை வாசல் விலையில் நூற்றுக்கு எண்பது பங்கு, அந்தப் பெட்ரோலையே வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்திருந்தால் என்ன ஆகும் என்ற கணக்கில் போடப்படுகிறது. கப்பல் வாடகை, காப்பீடு, சுங்கத் தீர்வை எல்லாம் உண்டு. மணலியில் பிறந்த பெட்ரோலுக்கு வளைகுடாவிலிருந்து வந்த பயணச் செலவு. ஆலம்பரைக் கோட்டைச் சுவரோரம் உட்கார்ந்து தொடுவானத்துக் கப்பல்களைப் பார்க்கும்போதெல்லாம், நான் வாடகை கொடுத்த வராத கப்பல் இதில் எது என்று தேடுகிறேன்.

கடலுக்கு வந்ததால் படகுக்காரர் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குப்பங்களில் பைபர் படகும் எஞ்சினும்தான் பிழைப்பு. மீன்பிடி டீசலுக்கு மாநில அரசு விற்பனை வரி விலக்கு தருகிறது. இயந்திரம் பொருத்திய நாட்டுப் படகுக்கு ஆண்டுக்கு 4,000 லிட்டராக இருந்ததை 4,400 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். ஒன்றிய அரசின் பங்கு மட்டும் அந்த டீசலுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதில் இருப்பது என்னவென்று விசாரித்தேன். 2018 பட்ஜெட்டில் வந்த சாலை மற்றும் உள்கட்டமைப்பு மேல்வரி ஒன்று. லிட்டருக்கு எட்டு ரூபாயில் தொடங்கி 2020 மேயில் பதினெட்டு ரூபாய்வரை போய் வந்தது. 2021 பட்ஜெட்டில் வந்த வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி இன்னொன்று; டீசலுக்கு நான்கு ரூபாய்.

ஆக, வலை ஏற்றிக்கொண்டு விடியற்காலம் கடலுக்குப் போகிறவர் சாலைக்கு வரி கட்டுகிறார். சாலை வரி வேண்டாம் என்று மீனவர் சங்கங்கள் கேட்டுச் சலித்துவிட்டன. நான் அப்படிக் கேட்க மாட்டேன். வரி வாங்கிவிட்டீர்கள், சாலையைப் போட்டுக் கொடுங்கள். கடப்பாக்கம் கரையிலிருந்து கிழக்கே பத்துக் கடல்மைல் போதும். நடுவில் ஒரு சுங்கச்சாவடி வைத்துக்கொண்டாலும் ஆட்சேபம் இல்லை, பழகிவிட்டது. வேளாண் வரி கட்டியவருக்குக் கரையேறும்போது ஒரு மூட்டை யூரியா தரலாம்.

விலை இறக்கத்தை மேலிருந்து கீழே கொண்டுசேர்க்கும் தங்கள் கொள்கை எங்கள் ஊரில் வேரூன்றிவிட்டது என்பதையும் தெரிவிக்கிறேன். அந்த 2024 மார்ச்சில் மீன் கடை அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன்.

“அக்கா, டீசல் ரெண்டு ரூவா கொறைஞ்சிருச்சாமே. சங்கரா அதே வெலை சொல்றீங்க?”

“ஐஸ்காரன் கொறைக்கட்டும், ஆட்டோக்காரன் கொறைக்கட்டும், எஞ்சினு ரிப்பேர் பாக்கறவன் கொறைக்கட்டும் தம்பி. அப்புறமா எங்கிட்ட வா.”

செதிலைச் சீவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். தங்கள் அமைச்சகத்தில் ஆலோசகர் பதவி காலியாக இருந்தால் பரிந்துரைக்கிறேன்.

புதுச்சேரியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரிலிருந்து தெற்கே மரக்காணம் தாண்டி கனகசெட்டிக்குளத்தில் எல்லை. அங்கே வரி குறைவு என்பதால் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. அதே கம்பெனி, அதே கடற்கரை, அதே உப்புக்காற்று. சென்னையிலிருந்து வரும் கார்கள் எங்கள் பங்க்கைக் கடந்து, முள் சிவப்பைத் தொடத் தொட, எல்லைவரை உருட்டிக்கொண்டு போகின்றன. அங்கே மலிவாகக் கிடைக்கும் திரவம் ஒன்றுதான் என்றிருந்த காலம் போய் இரண்டாகிவிட்டது. உள்ளூர்க்காரன் எல்லைவரை போய்ப் பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பினால், மிச்சம் பிடித்தது திரும்பும் வழியிலேயே எரிந்துவிடும் என்பதால், நாங்கள் தேசபக்தியுடன் இங்கேயே போடுகிறோம்.

இனி மனுவின் சாரம். மெயின் ரோட்டு ஓட்டலில் நாற்பது ரூபாய்க்கு இட்லி சாப்பிட்டேன். ரசீதில் மத்திய ஜி.எஸ்.டி. இரண்டரை சதவீதம் ஒரு ரூபாய், மாநில ஜி.எஸ்.டி. இரண்டரை சதவீதம் ஒரு ரூபாய் என்று தனித்தனியாக அச்சாகியிருந்தது. அப்படியே போய்ப் பெட்ரோல் போட்டேன். நூற்றுப் பத்து ரூபாய்க்கு. (முழு நூறுக்குப் போட்டால் அளவு குறையும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை, ஆதாரம் கிடையாது, விடவும் மனம் வராது.) பையன் “ஜீரோ பாத்துக்குங்கண்ணா” என்று சொல்லிப் போட்டான். ரசீது கேட்டு வாங்கினேன். லிட்டர், விலை, தொகை. அவ்வளவுதான். 2025 ஏப்ரல் கணக்குப்படி ஒன்றியக் கலால் வரி லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு. மாநில வரி 13 சதவீதமும் அதன்மேல் 11 ரூபாய் 52 காசும். இரண்டும் சேர்ந்து லிட்டருக்கு நாற்பது ரூபாயைத் தாண்டியது. இட்லியின் இரண்டு ரூபாய்க்கு ரசீதில் இரண்டு வரி இடம் இருக்கிறது, பெட்ரோலின் நாற்பது ரூபாய்க்கு ஓர் எழுத்துகூட இல்லை.

அந்த ஏப்ரலில்தான் கச்சா எண்ணெய் அறுபத்தைந்து டாலர் பக்கம் சரிந்தது. கலால் வரி இரண்டு ரூபாய் கூடியது. பங்க் விலை மாறாது, பயப்பட வேண்டாம் என்று அமைச்சகம் ஆறுதல் சொன்னது. இறங்கியிருக்க வேண்டியது இறங்காமல் போனதற்கு ஆறுதல் பெற்றவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். ரசீதில் வரி அச்சாகியிருந்தால் முந்தின நாள் தாளையும் மறுநாள் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பேன். விலை மட்டும் அச்சாகும் தாளில் இரண்டு நாளும் ஒன்றுதான்.

பெட்ரோலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. 2021 செப்டம்பர் 17இல் லக்னோ கூட்டத்தில் அது பேசப்பட்டு, இன்னும் நேரம் வரவில்லை என்று முடிவானதை அறிவேன். மாநிலங்களும் விடமாட்டா. விடவும் வழியில்லை: 2021இல் லிட்டருக்கு 32 ரூபாய் 90 காசு கலால் வாங்கியபோது, மாநிலங்களோடு பங்கு போட்டுக்கொள்ளும் அடிப்படைக் கலால் 1 ரூபாய் 40 காசுதான், மீதியெல்லாம் மேல்வரி, கூடுதல் வரி என்று பங்கில்லாத பெயர்களில் இருந்தது. எங்கள் மாநிலத்திலும் பெட்ரோலுக்கு ஐந்து, டீசலுக்கு நான்கு ரூபாய் குறைப்போம் என்று வாக்குறுதி தந்தவர்கள் 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்தார்கள். இவற்றையெல்லாம் நினைவில் வைத்திருப்பது என் வயதுக்குச் சிரமமாக இருக்கிறது. ஆகவேதான் ரசீதிலேயே அச்சடித்துத் தரக் கோருகிறேன். எண்ணெயின் விலை இவ்வளவு, ஒன்றியம் எடுத்தது இவ்வளவு, மாநிலம் எடுத்தது இவ்வளவு, டீலர் கமிஷன் இவ்வளவு. நீளம் கூடினால் தாளுக்கான காசையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மேல்வரியாகப் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
கடப்பாக்கம் நுகர்வோன்.

நகல்:
1. மாண்புமிகு சர்வதேசச் சந்தை அவர்கள் (அடுத்த தேர்தல் வரையிலான ஓய்வு நேரத்தில் படிக்க).
2. மாநில வணிகவரித் துறை (தங்களுக்கு அனுப்பியதை அவர்களுக்கும், அவர்களுக்கு அனுப்பியதைத் தங்களுக்கும் திருப்பிவிட வசதியாக).
3. மீன் கடை அக்கா (தகவலுக்காக).

இணைப்பு: ஓட்டல் ரசீது 1, பங்க் ரசீது 1. பின்னது வெப்பத்தாளில் அச்சானது என்பதால் சில வாரங்களில் எழுத்து மறைந்துவிடும். விரைந்து பரிசீலிக்கவும்.