மூன்றாவது அம்பயரின் ஜன்ம விரோதி

டீக்கடைத் தொலைக்காட்சியில் பந்து பேட்ஸ்மேனின் பேடில் பட்ட அதே க்ஷணத்தில், பந்து வீசியவன் வாய் திறக்குமுன், மைதானத்து அம்பயர் யோசிக்கத் தொடங்குமுன், பெஞ்சின் வலக்கோடியிலிருந்து ஒரு சுட்டுவிரல் வானை நோக்கி எழும். அந்த விரலுக்குடையவரைப் பேசின் பிரிட்ஜ்வாசிகளுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் ராயபுரத்திலும் டீக்கடைக்கு ஒருவராக அவர் வீற்றிருக்கிறார்.

எழுந்த விரல் எளிதில் இறங்காது. பேட்ஸ்மேன் மேல்முறையீடு கேட்டுவிட்டால், மூன்றாவது அம்பயர் எங்கோ ஓர் அறையில் அமர்ந்து, முதலில் நோபாலா என்று பார்த்து, பிறகு மட்டையில் உரசியதா என்று ஒலிக்கோட்டை ஆராய்ந்து, அதற்கும் பிறகு பந்து போயிருக்கக்கூடிய பாதையைக் கணினியில் வரையச் சொல்லிப் பார்த்து முடிக்கும் வரையில், நம்மவர் அந்த விரலை அந்தரத்திலேயே நிறுத்திவைத்து, இடக்கையால் டீயைக் குடித்துக்கொண்டிருப்பார். திரையில் அவுட் என்று வந்தால், "நான் அப்பவே சொல்லல? இதுக்கு ஒரு மெஷினு!" என்பார். நாட் அவுட் என்று வந்தால், "மெஷினு துட்டு வாங்கிக்கிச்சி." பந்து ஸ்டம்பில் பாதிக்கும் குறைவாகப் பட்டு, அம்பயர் முன்னே சொன்னதே நிலைக்கும் என்று வந்துவிட்டாலோ, அன்றைய ஆட்டம் அவரைப் பொறுத்தவரை முடிந்தது. "பட்டா பட்டதுதானே நைனா? அரை டிக்கெட்டு மாதிரி அரை அவுட்டு இன்னா அவுட்டு?"

2008இல் இலங்கையில் சோதித்துப் பார்க்கப்பட்ட இந்த முறையை இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2016 வரை பொதுவில் ஏற்காதிருந்ததைத் தம் சொந்த வெற்றியாகவே அவர் பாவித்து வந்தார். 1992இல் டர்பனில் டெண்டுல்கர்தான் தொலைக்காட்சி பார்த்து ரன் அவுட் கொடுக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர் என்பதை, புத்திரசோகம் போல் இன்றைக்கும் பிரஸ்தாபிப்பார். அதே டெண்டுல்கரை 2011 உலகக்கோப்பை அரையிறுதியில், மொகாலியில், சயீத் அஜ்மல் பந்தில் அம்பயர் எல்.பி.டபிள்யூ. கொடுத்துவிட, இயந்திரம் அதை ரத்து செய்து, அவர் 85 ஓட்டங்கள் எடுத்தாரே என்று நான் ஒருமுறை நினைவூட்டினேன். "அது மெஷினு இல்லப்பா, தெய்வம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இவ்வளவு வைராக்கியமுள்ளவர், 1986 செப்டம்பர் 22ஐப் பேச்சில் இழுத்துவிட்டால் தலைகீழாக மாறிவிடுவார். சேப்பாக்கத்தில் வெற்றிக்கு ஒரே ஓட்டம் இருக்கையில், மணீந்தர் சிங்குக்கு அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்க, ஆஸ்திரேலியாவுடனான டெஸ்ட் 'டை'யில் முடிந்ததல்லவா? பந்து மட்டையில் பட்டதென்று மணீந்தர் சாதித்தார். அதற்கு நம்மவர் சாட்சி. உரசிய சத்தம் கேலரியில் உட்கார்ந்திருந்த இவருடைய காதில் விழுந்ததாம். "அன்னிக்கி மட்டும் மெஷினு இருந்திருந்தா!" என்று ஏங்கிப் பெருமூச்சு விடும் அந்த நிமிஷத்தில் அவரைப் பார்க்க எனக்கே பரிதாபமாயிருக்கும்.

ஒளிரும் பெயில்ஸ் அவருக்குத் தீபாவளி மத்தாப்பு. 2023இல் ஐ.பி.எல்.லுக்கு வந்த இம்பாக்ட் பிளேயர் விதி, பதினோரு பேர் ஆட்டத்தில் திருட்டு டிக்கெட்டில் ஏறிய பன்னிரண்டாமவன். இதில் மட்டும் என் அபிப்பிராயமும் அவருடையதே. மறுவருஷம் ரோஹித் சர்மா தமக்கும் அவ்விதி பிடிக்கவில்லை என்றபோது, "என்னாண்ட கேட்டுட்டுதான் சொல்லிக்கிறான்" என்று கடை முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இருந்தும் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசி ஓவர்களில் விரலோடு சேர்ந்து அவரும் எழுந்துவிடுகிறார். எழுந்து நிற்குமிடம் திரைக்கு நேர் முன்னால். மூன்று சீசன்களாக ஒரு கடைசி ஓவரையும் நான் கண்ணால் கண்டதில்லை. அவருடைய சட்டை முதுகில் வேர்வை வரைந்த தேசப்படத்தைத்தான் கண்டிருக்கிறேன். இது நகைச்சுவை அன்று. நானும் காசு கொடுத்துத்தான் டீ குடிக்கிறேன்.

காத்திருப்பதை இவ்வளவு வெறுக்கும் இந்த மனிதர் யார்? ரயில்வேயில் சிக்னல் கேபினில் லீவர் பிடித்துப் பென்ஷன் வாங்குபவர்! இரவெல்லாம் பிரயாணம் செய்து, மூட்டை முடிச்சுகளை இறக்கி வைத்து, தலை வாரிக்கொண்டு, சென்ட்ரல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே என்று வாசற்படியில் வந்து நின்ற ஜனங்களை, பேசின் பிரிட்ஜ் அவுட்டரில் நிறுத்திவைத்து வாழ்க்கையை வெறுக்கச் செய்ததில் அவருக்கும் பங்குண்டு. அந்த லீவர்கள் போய்ப் பொத்தான்கள் வந்த கதையை எப்போதாவது, மழை நாளில், தாழ்ந்த குரலில் சொல்வார். "இரும்ப கையால இஸ்த்தாதான் சிக்னல் வுழுந்த மாதிரி இருக்கும்" என்று அவர் வலக்கையை மடக்கி இழுத்துக் காட்டும்போது, அந்தச் சுட்டுவிரலின் மேல் எனக்குள்ள கோபம் சற்றே தணிந்துவிடுகிறது.

சென்ற வாரம் ஒரு ஸ்டம்பிங் விஷயமாக மூன்றாவது அம்பயர் படத்தை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தபோது, பாலத்துக்கப்பால் ஒரு வண்டி நின்று நின்று ஊதிற்று. டீ ஆற்றிக்கொண்டிருந்த பையன், "நைனா, உன் ஆளுங்க அவுட்டர்ல போட்டுட்டாங்க பாரு" என்றான்.

"லைன் கிளியர் ஆவாம எப்படிறா வுடுவான்?" என்றார் அவர், விரலை இறக்காமலே. "பத்து நிமிசம் நின்னா குடியா முழுவிடும்? அவசரப்பட்டா ஆவுமா?" பிறகு திரையின் பக்கம் திரும்பி, "இவன் இன்னாத்துக்குய்யா இன்னும் ரோசனை பண்ணிக்கினு கீறான்?" என்றார்.