ஓசூரில் குளிர் கூடிவிட்டது

கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2900 அடி உயரத்தில், ஒரு காலத்தில் ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று சிலாகிக்கப்பட்ட ஓசூரில், சிப்காட் ஆலைகளும் லாரிகளும் மாடி வீடுகளும் பெருகிப் பழைய குளிரை விரட்டியடித்துவிட்டன என்று ஊரார் அனைவரும் ஏகமனதாக அங்கலாய்த்துக்கொண்டிருக்கையில், ராயக்கோட்டை ரோட்டு டீக்கடையில் குரங்குக் குல்லாயும் கம்பளிச் சட்டையுமாக எழுந்தருளியிருக்கும் ஒரு ரக மனிதர் மட்டும், “வர வர இந்த ஊர்லே குளிர் கூடிப்போச்சுப்பா” என்று அடித்துச் சொல்வார்.

1980-களில் ஐ.டி.ஐ. சான்றிதழும் தகரப் பெட்டியுமாக இவ்வூரில் வந்து இறங்கி, பஸ்ஸும் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்து தேசத்துக்கு வழங்கி, 58 வயதில் சால்வையும் சந்தன மாலையும் பெற்று வெளியேறிய ஒரு தலைமுறைக்கே இவர் பிரதிநிதி. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி ஆண்டுகள் பல உருண்டோடிவிட்டபோதிலும், விலாசம் எழுதும்போது இவர் கை ‘தர்மபுரி’ என்றே தொடங்கும். தமக்கு மூப்பு வந்தது என்ற ஒன்றைத் தவிர, பிரபஞ்சத்தில் நேர்ந்துள்ள மற்றெல்லாக் கேடுகளையும் இவர் தாராளமாக ஒப்புக்கொள்வார்.

சந்திரசூடேஸ்வரர் மலையேறும்போது பாதி வழியில் மூச்சு வாங்கினால், படிகளை யாரோ உயர்த்திக் கட்டிவிட்டார்கள். தினசரியைக் கை நீட்டும் தூரத்துக்கும் அப்பால் பிடித்துக்கொண்டு, அச்சகக்காரர்கள் மையை மிச்சப்படுத்துகிறார்கள் என்பார். கடிகார ஆலையில் வேலை பார்த்தவராயின் இதில் ஒரு விசேஷ சோகம் உண்டு: கடுகினும் சிறிய திருகாணிகளை இடுக்கியால் எடுத்துப் பிசகாமல் பொருத்திய அந்த மகானுபாவர், இப்போது ஊசியில் நூல் கோக்கப் பேத்தியை அழைக்கிறார், அழைத்துவிட்டு, ஊசி செய்கிறவர்களுக்குத் தொழில் சுத்தம் போய்விட்டது என்று அவளுக்கு ஒரு பிரசங்கமும் செய்கிறார். 1980-இல் இதே ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50-இன் வம்சத்தில் வந்த வண்டியில் இவர் ஓரமாகப் போகையில், உள்ளூரில் தயாரான மின்சார ஸ்கூட்டர் சத்தமின்றிக் கடந்து சென்றால், தம் செவியைக் குறித்து அவருக்கு ஐயமே எழாது. ஹாரன் அடிக்கத் தெரியாத பயல்கள்!

ஆனால் இந்த விரதத்துக்கும் ஒருமுறை பங்கம் நேர்ந்தது. ரயிலில் 60 வயது நிரம்பிய ஆண்களுக்கு அளித்துவந்த 40 சதவீதச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இவருக்கு அறுபது நிரம்பியது அதற்குப் பிற்பாடு. பிறந்த தேதியை மனைவிக்கே அரைகுறையாகச் சொல்லிவைத்திருந்தவர், அன்று ஓசூர் ஸ்டேஷன் கவுண்டரில், “எனக்கு அறுபது ஆயிடுச்சு சார், கிழவனுக்கு ஒரு மரியாதை வேணாமா?” என்று நடைமேடை வரை கேட்கும்படி முழங்கினார். கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் வெளியே வந்து மறுபடியும் இளைஞராகிவிட்டார். எதற்காக வீண் கிழத்தனம்?

பென்ஷன்காரர் ஆண்டுக்கொருமுறை, தாம் ஜீவித்திருப்பதாகச் சர்க்காருக்கு நிரூபித்தாகவேண்டும். அந்த வாழ்நாள் சான்றுக்காகக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனால், முப்பதாண்டு காலம் இரும்பும் எமரித் தாளும் கூலன்ட் எண்ணெயும் தேய்த்த கட்டைவிரலை, அந்தச் சின்னஞ்சிறு இயந்திரம் மூன்று தடவை நிராகரித்தது.

“ரேகை தேஞ்சுபோச்சுங்க தாத்தா. வயசானா அப்படித்தான்” என்றான் பையன்.

மெயின்டனன்ஸில் புடம்போட்ட நம்மவர் விரலைப் பார்க்கவேயில்லை. இயந்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்த வருஷத்து மெஷின்ப்பா இது? பழசா?”

“போன மாசந்தான் வாங்குனோம்.”

“அதான் பாத்தேன்” என்றார், திருப்தியுடன். “இன்னும் ரன்னிங்-இன் ஆகலே. ஒரு வருஷம் ஓடட்டும், என் விரல் தெரியும்.”