ஓட்டம் தளர்ந்த பிறகு

எங்கள் கரிசல் பக்கம் சிப்பிப்பாறை நாயைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் அதன் ஓட்டத்தைத்தான் பேசுவார்கள். விருதுநகர் மாவட்டத்தில் அதே பெயருள்ள ஊரின் இனம் அது. ஒட்டிய வயிறு, நீண்ட முகம், எலும்பு தெரியும் முதுகு. முழு வேகத்தில் பாயும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பி நிற்கும். கம்பங்கூழ் குடித்து வளர்ந்த நாய்கள் அறுவடை முடிந்த காட்டில் முயலை மடக்கிய கதைகளைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வேட்டையைக் குற்றமாக்கிய பிறகும் கதைகள் குறையவில்லை.

அந்தக் கதைகளில் ஒரு நாய்க்குக்கூட வயதானதில்லை. தாத்தா காலத்தில், ஓட்டம் தளர்ந்த நாயைக் கயிற்றை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். களத்து மேட்டில் படுத்து, கிடைத்ததைத் தின்று, ஒருநாள் அது கண்ணில் படாமல் போய்விடும். அவர்கள் ஈரமில்லாதவர்கள் அல்ல. வானம் பார்த்த பூமியில் மனுசருக்கே கஞ்சியை அளந்து ஊற்றிய வருஷங்கள் அவை. இருந்தாலும் அது அநியாயம்தான். உழைப்பை வாங்கிக்கொண்டவன் முதுமையையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எங்கள் செவலைக்கு இப்போது 13 வயது. வேட்டைக்கே போகாத சிப்பிப்பாறை. வாலிபத்தில் கண்மாய்க் கரையில் அவிழ்த்து விட்டால், நான் மடையைத் தாண்டுமுன் கலிங்கு வரை போய்த் திரும்பி என் காலைச் சுற்றும். இன்று பாதி வழியில் நிற்கும் வேப்பமரம்தான் எங்கள் எல்லை. அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. சிமெண்டு ரோட்டைக் கடக்குமுன் புறங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பேன். என் கை பொறுக்காத சூட்டை அதன் பாதம் மட்டும் எப்படிப் பொறுக்கும்? கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கிழட்டுக் கால் அந்த வெடிப்புக்குள் இறங்கினால் எடுக்க முடியாது. அதனால் காட்டுப் பக்கம் போவதில்லை, மேடான கரை மட்டும்தான்.

படுத்து எழுந்தவுடன் பின்னங்கால் விறைத்து நிற்கும். கொஞ்சம் நடந்ததும் இளகிவிடும். மூட்டுத் தேய்மானம் என்றார் கால்நடை டாக்டர். நடையை நிறுத்தினால் தசையும் கரைந்துவிடும், ஆகவே ஒரே மூச்சில் தூரமாகப் போகாமல் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக நடத்தச் சொன்னார். அவர் அழுத்திச் சொன்ன இன்னொன்றை நாய் வளர்க்கும் எல்லோரும் கேட்க வேண்டும்: நாம் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. இபுப்ரோஃபென் அதன் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

கண்ணில் நீலம் பூத்திருக்கிறது. கண்புரை இல்லை, வயதில் விழிவில்லை இறுகுவதால் வரும் மங்கல். பார்வை அடியோடு போய்விடவில்லை, ஆனால் தூரத்தில் அசைவதைக் கண்டு பாய்ந்த காலம் போய்விட்டது. கண்ணை நம்பி ஓடிய இனம் இப்போது மூக்கை நம்பி நடக்கிறது. வாலிபத்தில் காற்றாய்க் கடந்த இடங்களையெல்லாம் செவலை இப்போதுதான் படிக்கிறது. கீரி போன தடம், ஆட்டு மந்தை இறங்கிய சரிவு, ராத்திரி வேறொரு நாய் நனைத்துவிட்டுப் போன கருவேலந்தூர் என்று ஒவ்வொன்றிலும் மூக்கை வைத்தால் லேசில் எடுக்காது. நான் கயிற்றை இழுப்பதில்லை. அதன் நாளில் அதற்கென்று மிச்சமிருக்கும் வேலை இதுதான்.

கரையில் தினமும் எதிர்ப்படும் மாமா ஒருவர் உண்டு. ஊரில் நாய் வளர்ப்பில் பேர்போனவர்.

“என்ன மாப்ளே, நிக்கிற நாய்க்கு எதுக்குக் கயிறு?”

“பள்ளம் தெரியாது மாமா. சரிவுல கால் வழுக்கிருச்சுன்னா பிடிக்கணும்ல.”

“நம்ம காலத்துல இப்படியா நாய் வளத்தோம்?”

“அப்ப செய்யல, இப்பச் செய்வோம் மாமா.”

அவர் பதில் சொல்லவில்லை. குனிந்து செவலையின் பின்னங்காலைத் தடவி, மூட்டை மெல்ல மடக்கிப் பார்த்தார். அது பொறுத்துக்கொண்டது.

“எங்க கன்னி நாயும் காலையில எந்திரிக்க முடியாம முனங்குதுடா. வீட்ல கெடந்த மூட்டுவலி மாத்திரையில பாதியக் குடுப்பமான்னு இருக்கேன்.”

“குடுத்துராதீங்க மாமா! காலையில நானே ஆட்டோ கொண்டாறேன். ரெண்டு பேருமாத் தூக்கி வச்சு, ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துருவோம்.”

“எத்தன மணிக்கு வருவ?”