ஆசிட் தாங்குமா அண்ணாச்சி?

சிவகாசியில் ஸ்டேஷனரிக் கடை வாசலில் நின்று, "அண்ணாச்சி, ஆசிட்ல போட்டாலும் அழியாத மார்க்கர் இருக்கா?" என்று உரக்கக் கேட்கக் கூடாது. கடையில் நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். வெடிபொருள் கட்டுப்பாட்டுக்கென்றே மத்திய அரசு அலுவலகம் போட்டிருக்கிற ஊர். ரசாயனப் பெயர்களை இங்கே தணிந்த குரலில்தான் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சி மார்க்கரைத் திருப்பிப் பார்த்தார். "பெர்மனென்ட்னு போட்டிருக்கு."

"தாங்குமா?"

"தாங்கும்னுதான் போட்டிருக்கான். தாங்கலைன்னா திருப்பி எடுக்கமாட்டோம்."

எனக்கு வேண்டியது பட்டாசு இல்லை, தண்ணீர். ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர், ரெண்டு ரெசிஸ்டர், ஒரு பஸ்ஸர், ஒன்பது வோல்ட் பேட்டரி. இவற்றைச் சேர்த்தால் தொட்டி நிரம்பி வழியும்போது கத்துகிற அலாரம் என்று எலக்ட்ரானிக்ஸ் புத்தகங்களில் வரும். விருதுநகர் மாவட்டத்தில் தொட்டி நிரம்பி வழிகிறதே என்று கவலைப்பட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதனால் சென்சார் கம்பியைத் தொட்டியின் உச்சியில் கட்டாமல், குழாயடி வாளியில் இறக்குவதாகத் திட்டம். தண்ணீர் வந்தால் கத்தும்.

வேலை என்னவோ எளிதுதான். தாமிரத் தகடு ஒட்டிய போர்டில் சர்க்யூட்டின் கோடுகளை மார்க்கரால் வரைந்து ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால், மை மூடாத தாமிரத்தையெல்லாம் கரைசல் தின்றுவிடும். மை மூடிய இடம் கோடாக நிற்கும். மொத்தக் காரியமும் மையின் மானத்தில் இருக்கிறது.

மைகளிலும் சாதி உண்டு. ஸ்கெட்ச் பேனாவின் மை தண்ணீரில் கரைவது. கரைசலும் தண்ணீரில் கலந்ததுதான் என்பதால் இரண்டும் உடனே உறவாகிவிடும். ஒயிட்போர்டு மார்க்கர் அழிவதற்கென்றே பிறந்த ஜென்மம், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. பெர்மனென்ட் மார்க்கரில் ஆல்கஹாலில் கரைத்த பிசின் இருக்கிறது. ஆல்கஹால் பறந்ததும் பிசின் தோலாகப் படியும். காப்பாற்றுவது அந்தத் தோல்தான். ஆனாலும் சிவப்பு, பச்சையை நம்பாதே, கறுப்பை வாங்கு என்பது போர்டு போடுகிறவர்கள் வழிவழியாகச் சொல்வது. ஐசி கால்களுக்கு நடுவே 2.54 மில்லிமீட்டர்தான் இடைவெளி என்பதால் சிடி மார்க்கர் மாதிரி மெல்லிய முனை வேண்டும். ஜெர்மனியின் ஸ்டெட்லர் லூமோகலருக்கு இந்த வட்டாரத்தில் நல்ல பெயர். விலையைக் கேட்ட பிறகு நான் அதன்மேல் மரியாதையோடு நிறுத்திக்கொண்டேன்.

வரைந்த போர்டை வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். மை மெலிந்த இடத்தில் கறுப்புக்குள்ளிருந்து தாமிரம் செவேலென்று எட்டிப்பார்க்கும். கரைசல் முதலில் நுழைவது அங்கேதான். காய்வதற்குள் மேலே இன்னொரு கோடு இழுத்தால், புது மையிலுள்ள ஆல்கஹால் பழைய மையையும் வழித்துக்கொண்டு போகும். நன்றாகக் காயவிட்டு ஒரே இழுப்பு, அவ்வளவுதான். வரைவதற்கு முன் தகட்டைத் துலக்குவதற்குப் புளியும் உப்பும் போதும். எங்கள் வீட்டுச் செப்புக் குடங்கள் அறிந்த வித்தைதான். துலக்கிய பிறகு விரல் பட்டால் எண்ணெய்ப் பசையில் மை ஒட்டாது.

சூடாக இருந்தால் கரைசல் வேகமாகத் தின்னும் என்று ஹீட்டர் வாங்கச் சொல்கிறார்கள். கத்திரி வெயிலில் எங்கள் மொட்டைமாடி அந்த வேலையை இலவசமாகச் செய்கிறது. பிளாஸ்டிக் தட்டு அவசியம். எவர்சில்வரில் ஊற்றினால் தட்டையும் சேர்த்து அரிக்கும். வேட்டியில் ஒரு சொட்டுப் பட்டால் துருநிறக் கறை. மார்க்கர் கம்பெனிகள் வாக்களிக்கிற நிரந்தரத்தை அங்கே காணலாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தக் காலத்தில் அச்சாபீஸ்களுக்கு பிளாக் செய்து கொடுத்தவர். மாடியேறி வந்து தட்டைப் பார்த்துச் சிரித்தார். "நாங்க துத்தநாகத்த நைட்ரிக் ஆசிட்ல போட்டோம். நீங்க செம்பப் போடுறீக. இதுவும் பிளாக்குதானே தம்பி?"

அவர் சொன்னது சரித்திரப்படியும் சரி. தீப்பெட்டி லேபிளுக்காக அச்சுத் தொழில் வளர்ந்த ஊர் இது. சர்க்யூட்டை அச்சிடலாம் என்று 1936இல் லண்டனில் ரேடியோ செய்து காட்டிய பால் ஐஸ்லர், வியன்னாவில் அச்சுத் தொழிலைப் பார்த்துவிட்டு வந்தவர். அவரைச் சேர்த்துக்கொண்ட நிறுவனமும் ஒரு லித்தோ அச்சகம். இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் அருகில் போனதும் தானே வெடிக்கிற குண்டுகளின் ஃபியூஸுக்கு அமெரிக்கர்கள் பீங்கானில் சர்க்யூட் அச்சிட்டார்கள். அச்சும் வெடியும் சேர்ந்து வளர்த்த பிள்ளை. எங்களூருக்கு இதில் பாத்தியதை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

அலாரம் முதன்முதலாக அலறியது நடுநிசி தாண்டி. நான் எழுவதற்குள் தெருவே குடத்தோடு எழுந்துவிட்டது. காலையில் எதிர்வீட்டு அச்சக முதலாளி போர்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். கோடுகளைப் பற்றியோ மையைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஆயிரம் பீஸ் போட்டா என்ன ரேட் வரும்? பின்பக்கம் காலியாத்தான இருக்கு, நம்ம பிரஸ் பேரும் போன் நம்பரும் போட்ருவோம். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிடுறப்போ இதையும் சேர்த்து விட்ருவோம்."